மெயில் போகவில்லை என்றால் சி.பி.யூ.வைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

கோத்தகிரி, அரவேணு, கட்டபெட்டு பக்கம் சிறு வியாபாரம் நடத்துகிறவர்களும், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக் வைத்து மெயில் அனுப்புகிற மற்ற எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். தீபாவளிக்கு முன்னால் எங்கள் மெயில் வெளியே போகாமல் நின்றுவிட்டது. சரிசெய்து தருகிறோம் என்று வாங்கிவைத்த சர்வீஸ் கடை 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் மாமனார் பல வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த மெயில்கள் மொத்தத்தையும் அழித்துக் கொடுத்தது. வந்த கோளாறும் தீரவில்லை. உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது ஓர் எண், அதோடு பக்கத்தில் ஒரு தேர்வு. 25 இருந்த கட்டத்தில் 587 வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுடையது தேயிலைத் தூள் வியாபாரம். ஃபேக்டரிகளில் வாங்கி, கலந்து, பாக்கெட் போட்டு, கீழே திண்டுக்கல், காரைக்குடி வரைக்கும் டீக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் அனுப்புகிறோம். தூள் ரகங்களில் எந்தக் கடைக்கு எஸ்.ஆர்.டி. எவ்வளவு, எஸ்.எஃப்.டி. எவ்வளவு, யாருக்கு டிகாக்‌ஷன் கருப்பாக இறங்க வேண்டும், யாருக்கு வாசனைதான் முக்கியம் என்பதையெல்லாம் மாமா அந்தந்தக் கடைக்காரர்களோடு மெயிலில்தான் பேசி முடிவு செய்வார். ஒற்றை விரலால் டைப் அடிப்பார், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் போய்விடும். கலவைக் கணக்குக்குத் தனி நோட்டு கிடையாது. அந்த மெயில்கள்தான் நோட்டு.

ஐப்பசி மழையில் கோத்தகிரி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மரம் விழுந்து லேண்ட்லைன் ஒயர் அறுந்தது, அதோடு பழைய பிராட்பேண்டும் போயிற்று. தீபாவளி ஆர்டர் நேரத்தில் காத்திருக்க முடியாது என்று தனியார் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். நெட் நன்றாகவே வந்தது. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து பில் ஒன்றும் வெளியே போகவில்லை. வருகிற மெயில் வந்துகொண்டே இருந்தது. போக வேண்டியது எல்லாம் அவுட்பாக்ஸில் சாய்ந்த எழுத்தில் அப்படியே நின்றது. அடியில் ஒரு பிழைச் செய்தி: 0x80042109, வெளியே அனுப்பும் எஸ்.எம்.டி.பி. சர்வரோடு இணைய முடியவில்லை.

கடைக்கு போன் செய்து அந்த எண்ணை அப்படியே வாசித்துக் காட்டினேன். எதிர்முனையில் இருந்தவர் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

“அக்கா, அது வைரஸ் இருந்தாத்தான் வரும். சி.பி.யூ.வ கீழ எடுத்துட்டு வந்துருங்க, நாளைக்கே குடுத்தர்றேன்.”

“தம்பி, வர்ற மெயில் எல்லாம் வருது. போறதுதான் போகல.”

“ஆமாங்க்கா, அப்படித்தான் ஆரம்பிக்கும்.”

சி.பி.யூ.வைத் தூள் வருகிற பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். கடையில் வாங்கிவைத்துக்கொண்டார்கள். என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு சீட்டுகூடத் தரவில்லை. சாயங்காலம் போன் வந்தது. ஐ.பி. பிளாக்லிஸ்ட் ஆகிவிட்டதாம், மெயில் சர்வர் லைசென்ஸ் முடிந்துவிட்டதாம், விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டுமாம். “ஃபைல் எல்லாம்?” என்றேன். “டி டிரைவ்ல இருக்கறது எல்லாம் பத்திரமா இருக்குங்க்கா, கவலைப்படாதீங்க” என்றார்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அவுட்லுக்கில் பி.ஓ.பி. முறையில் மெயில் வைத்திருந்தால், எல்லா மெயிலும் பி.எஸ்.டி. என்று முடிகிற ஒரே ஃபைலுக்குள் இருக்கும். அது டி டிரைவில் இருக்காது. சி டிரைவில், டாக்குமெண்ட்ஸுக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய பதிப்புகளில் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் இருக்கும். சி டிரைவை ஃபார்மட் செய்தால் அதுவும் போய்விடும். மெயில் கோளாறு என்று வந்த மெஷினில் மெயில் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஃபார்மட் போடுகிறவருக்கு அந்த வேலையைத் தொட உரிமை இல்லை என்பது என் கருத்து. எத்தனை பேர் சொன்னாலும் இதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சர்வரிலிருந்து திரும்ப எடுக்கலாமே என்று கேட்பீர்கள். பி.ஓ.பி. என்பது மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை. அவுட்லுக் 2010-லிருந்து, நாம் எதையும் மாற்றாமல் விட்டால், சர்வரில் நகலை 14 நாள் மட்டும் வைத்திருந்து அழித்துவிடும். அதனால் புதிதாகப் போட்ட அவுட்லுக்கைத் திறந்தபோது கடைசி 14 நாள் மெயில் மட்டும் வந்து விழுந்தது. இந்த முறையில் நாம் அனுப்பியதின் நகல் பெரும்பாலும் சர்வரில் இருப்பதில்லை, அதனால் மாமா எழுதியவற்றில் ஒன்றுகூட வரவில்லை. மாமா மேலே கீழே உருட்டிப் பார்த்துவிட்டு, “காரைக்குடிக்காரருது எங்கம்மா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பில்லில் இருந்ததை அப்படியே தருகிறேன். விண்டோஸ் 1,500. ஆபீஸ் 1,300. ஆன்ட்டி வைரஸ் 500. மெயில் சர்வர் லைசென்ஸ் ரினியூவல் 3,500. கடைசி வரி முழுப் பொய். மெயில் சர்வர் நம் மேஜை மேல் இருப்பதில்லை. எங்கள் டொமைனையும் மெயிலையும் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வருஷச் சந்தா கட்டியிருக்கிறோம், அது பங்குனி வரை இருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கடையிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எம்.எஸ். ஆபீஸ் கதை இன்னும் மோசம். எங்களுடையது காசு கொடுத்து, கீ வாங்கிப் போட்ட 2013. அதை எடுத்துவிட்டுத் திருட்டு நகலைப் போட்டு, அதற்கும் 1,300 வாங்கியிருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்றால், விண்டோஸ் டிஃபெண்டரில் ஸ்கேன் விலக்கு என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். நாங்கள் வைக்காத ஒரு ஃபோல்டர் அதில் இருந்தது. விலக்கை நீக்கி ஸ்கேன் செய்ததும் சிவப்பில் ‘ஹேக்டூல்’ என்று காட்டியது, திருட்டு நகலை ஓடவைக்கும் கருவி அது. பில்லும் வங்கிக் கணக்கும் திறக்கிற மெஷினில், காவல் பார்க்கும் மென்பொருளிடம் “இந்த ஃபோல்டரைப் பார்க்காதே” என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். சர்வீஸுக்குப் போய் வந்த மெஷின் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வீட்டில் மாட்டினால் அதே 0x80042109. கடையில் என் கண் முன்னால் டெஸ்ட் மெயில் போனது, என் போனுக்கு வந்தும் சேர்ந்தது. வீட்டில் போகவில்லை. திரும்பப் பேசினால், “உங்க ரவுட்டர் சரியில்லைங்க்கா, 2,800 ஆகும், மாத்திரலாம்” என்றார். போனை வைத்துவிட்டு ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டேன்.

எடுத்த பெண் முதலில் கேட்டதே வேறு. “மேடம், மெயில் வருதா? நெட் கனெக்‌ஷன் எதுவும் மாத்தினீங்களா?” மாற்றினோம் என்றேன். அக்கவுண்ட் செட்டிங்ஸில் ‘டெஸ்ட் அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ அழுத்தச் சொன்னார். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. உள்ளே வரும் சர்வரில் நுழைந்தது என்ற வரிக்குப் பக்கத்தில் பச்சை டிக். டெஸ்ட் மெயில் அனுப்பியது என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. “பாஸ்வேர்டும் சரி, நெட்டும் சரி மேடம், போற வழி மட்டும்தான் அடைபட்டிருக்கு” என்றார். மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு. அவுட்கோயிங் சர்வர் என்ற இடத்தில் 25. அதை 587 ஆக்கி, கீழே என்கிரிப்ஷனில் டி.எல்.எஸ். தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவுட்கோயிங் சர்வர் டேபில், அங்கீகாரம் தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார், இருந்தது. மறுபடி டெஸ்ட், இரண்டும் பச்சை. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அவுட்பாக்ஸ் காலியாகிவிட்டது. அவர் காசு எதுவும் கேட்கவில்லை.

காரணத்தையும் அவரே சொன்னார், பிறகு நானும் படித்துப் பார்த்தேன். மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982-ல் வந்தது. 25 என்பது அதன் பழைய போர்ட், அதாவது மெயில் போகிற வாசலின் எண், சர்வரும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கானது. வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதன் வழியாகக் குப்பை மெயிலைக் கொட்டுவதால், பல நெட் நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன. நம் கம்ப்யூட்டரிலிருந்து மெயிலை ஒப்படைப்பதற்கென்று 1998-லேயே 587 ஒதுக்கப்பட்டுவிட்டது. 465-ம் உண்டு, அதற்கு எஸ்.எஸ்.எல். தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் பழைய இணைப்பில் 25 திறந்திருந்தது, புதியதில் அடைபட்டிருக்கிறது. அந்தக் கடை நெட்டிலும் அது திறந்திருக்கிறது, அதனால்தான் அங்கே மெயில் போனது.

இதை யோசித்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மெஷினை வாங்கிய அன்றே, எதையும் தொடாமல், கடை நெட்டில் ஒரே ஒருமுறை சென்ட் அழுத்தியிருந்தால் மெயில் போயிருக்கும். மெஷின் நன்றாக இருக்கிறது, வீட்டு இணைப்பில்தான் ஏதோ தடை என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். வந்த கோளாறை நேரில் பார்க்காமலே வைத்தியம் ஆரம்பித்திருக்கிறார்கள்.

பிழைச் செய்தி ஆங்கிலத்தில் நீளமாக வந்தாலும் அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் தானே போகும். 421 அப்படித்தான். 5-ல் தொடங்கினால் ஏதாவது ஒன்றை மாற்றாமல் போகாது. இங்கே அதிகம் பேருக்கு வருவது 535, அதாவது பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. ஜிமெயில் முகவரியைப் பழைய அவுட்லுக்கில் சாதாரண பாஸ்வேர்டோடு வைத்திருப்பவர்களுக்கு இது வரலாம். ஏனென்றால் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்து இப்படி நுழைவதை கூகுள் நிறுத்தத் தொடங்கியது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு, அவுட்லுக்குக்கென்று தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை கூகுளில் எடுத்து அதைக் கொடுக்க வேண்டும். வீட்டில் யாராவது போனில் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டு ரத்தாகிவிடும், புதிதாக எடுக்க வேண்டும். ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16-ல் இதே கதவை மூடிவிட்டது. அவர்கள் புதிய அவுட்லுக்குக்கோ தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளுக்கோ போகலாம். இதில் எதற்கும் ஃபார்மட் தேவையில்லை.

550-ல் ‘ரிலே’ என்ற சொல் வந்தால், நான் மேலே சொன்ன அங்கீகார டிக்கைப் பாருங்கள். 552 என்றால் பெரும்பாலும் மெயிலோடு சேர்த்த ஃபைல் பெரிதாகிவிட்டது. ஜிமெயிலில் வரம்பு 25 எம்.பி. அனுப்பும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு வீங்கவும் செய்யும். ஹோம்ஸ்டே அறைப் படங்களை மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இதுதான் நடக்கும். இன்னொன்று நம் மலைக்கே உரியது. நாள்கணக்கில் கரண்ட் போய் வந்த பிறகு சர்ட்டிஃபிகேட் பிழை வந்தால், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த மெஷின் பழைய வருஷத்துக்குப் போய் நின்றிருக்கும். தேதியைத் திருத்தி, அந்தச் சின்ன வட்ட பேட்டரியை மாற்றினால் முடிந்தது.

பிழை எண்ணை நெட்டில் தேடும்போது மேலே விளம்பரமாக வரும் ‘கஸ்டமர் கேர்’ நம்பர்களுக்குப் போன் செய்யாதீர்கள். மெஷினைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பைப் போடச் சொல்வார்கள். அப்படிக் காசு போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் விஷயம் சைபர் குற்றத்தில் வராது, சேவைக் குறைபாடு. முதலில் 1915 நுகர்வோர் எண்ணில் பதிந்தேன். கடை பதில் தரவில்லை, அதனால் ஊட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்கு நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், அழைப்புப் பதிவு, டிஃபெண்டர் காட்டிய சிவப்புத் திரையின் படம், 25-ஐ 587 ஆக்கியதுதான் தீர்வு என்று ஹோஸ்டிங் நிறுவனம் எழுத்தில் தந்த மெயில், எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். விஷயம் ஆணையத்துக்குப் போவதால்தான் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

மாமா இப்போது கடைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவரிடம் இருக்கும் பழைய மெயில்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிலர் அனுப்பியிருக்கிறார்கள். கணக்கை ஐ.எம்.ஏ.பி.க்கு மாற்றிவிட்டோம், அனுப்பியதும் வந்ததும் இனி சர்வரிலும் இருக்கும்.

உங்களில் யாருடைய பில்லிலாவது ‘மெயில் சர்வர் லைசென்ஸ் ரினியூவல்’ என்ற வரி இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.