ரைசன் 5600எக்ஸ்: கையால் ஓவர்கிளாக் செய்வதா, கர்வ் ஆப்டிமைசரா?

ஓவர்கிளாக் செய்தால், அதாவது சிப்பை நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், வேகமும் கூடும், சூடும் கூடும், அது எல்லாருக்கும் தெரியும். ஏஎம்டியின் பிராசசரான ரைசன் 5600எக்ஸ் வைத்திருப்பவர் யோசிக்க வேண்டியது வேறு: அதன் ஆறு கோரையும் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒரே வேகத்தில் பூட்டிவிடுவதா, இல்லை பூஸ்ட்டை (வேலைக்கேற்ப சிப் தானே வேகத்தை ஏற்றுவது) அதன் போக்கில் விட்டுவிட்டு, கணினியின் அடிப்படை செட்டிங் திரையான பயாஸில் கர்வ் ஆப்டிமைசரை, அதாவது ஒவ்வொரு வேகத்துக்கும் சிப் எடுக்கும் வோல்டேஜை மாற்றும் செட்டிங்கை, மைனஸில் வைப்பதா? இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் இரண்டாவதோடு நின்றுவிட்டேன்.

பூட்டினால் ரெண்டரிங் (வீடியோ, 3டி காட்சிகளை உருவாக்குவது) மாதிரி எல்லா கோரும் உழைக்கும் வேலையில் பலன் உண்டு. ஆனால் ஓரிரு கோர் மட்டும் உழைக்கும்போது சும்மா விட்டாலே 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் சிப் இது, 4.5இல் பூட்டினால் அங்கே நஷ்டம்தான்.

என்னை முடிவெடுக்க வைத்தது வோல்டேஜ். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். 1.2 வோல்ட்டில் 4.3 ஓடும் சிப் 4.7க்கு 1.35 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: வேகம் 9 சதவீதம் கூட, மின்சாரம் ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். மே மாதம், ஏசி இல்லாத அறை, சிப்புக்கு எல்லை 95 டிகிரி. அதைவிட எனக்குப் பயம் தேய்மானம்தான். கூடுதல் வோல்டேஜில் நாள்பட ஓடினால், அதே வேகத்துக்கே சிப் இன்னும் அதிக வோல்டேஜ் கேட்க ஆரம்பிக்கும். இன்டெல்லில் எனக்குப் பழக்கம் குறைவு, ஆனாலும் 13, 14ஆம் தலைமுறை சிப்கள் ஓவர்கிளாக் செய்யாமலே அதிக வோல்டேஜால் கெட்டு, 2024இல் அந்த நிறுவனம் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்ட வேண்டி வந்ததே.

கர்வ் ஆப்டிமைசர் அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் தருகிறது, சூடு குறைவதால் பூஸ்ட்டும் நீடிக்கிறது. சிக்கல் சோதனையில்தான். எல்லா கோரையும் உழைக்க வைக்கும் சினிபெஞ்ச் சோதனை அருமையாக ஓடி முடியும், அப்புறம் பிரவுசரைத் திறந்து வைத்திருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும், விண்டோஸின் பிழைப் பதிவான ஈவன்ட் வியூவரில் வீயா லாகர் 18 என்று ஹார்டுவேர் பிழையைச் சொல்லி சிவப்பாக ஒரு வரி நிற்கும். முழு லோடில் தாங்குகிற கோர் லேசான வேலையில் வழுக்குகிறது, அதனால் கோர்சைக்ளர் என்ற சோதனைக் கருவியில் ஒவ்வொரு கோராக இரவு முழுக்க ஓடவிட வேண்டும். மைனஸ் 10இல் தொடங்குங்கள்; பூஸ்ட்டில் முந்தும் இரண்டு கோர்கள் பெரும்பாலும் அதிக மைனஸ் தாங்காது. சோதனை முடியும்வரை முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் எடுத்து வையுங்கள், கிராஷில் அவை கெடலாம். சிப்புக்கு ஒன்றும் ஆகாது, மதிப்பைத் திருப்பி வைத்தால் சரி.

வாரண்டி விஷயத்தில் வித்தியாசம் இல்லை, இரண்டால் வரும் சேதத்தையும் ஏஎம்டி ஏற்காது. நாள் முழுக்க ரெண்டர் போடுபவர், நல்ல கூலர் வைத்திருந்தால், கையால் பூட்டுவதை யோசிக்கலாம்.