புல்வெளியா, ஓடைக்கரையா?

1880-இல் அயர்லாந்தின் கொனமாராவிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்த ஏழைக் குடும்பங்கள் இரண்டு வாழ்க்கையைப் பார்த்தன: பிஷப் ஜான் அயர்லாந்து ஏற்பாடு செய்த கிரேஸ்வில் பண்ணை, செயின்ட் பால் நகரத்துக் குடிசைப்பகுதி. பிள்ளைகள் வளர எது தேவலை?

நிலம்: கிரேஸ்வில்லில் குடும்பத்துக்கு 160 ஏக்கர். நகரத்தில் சாண் இடம்கூடச் சொந்தமில்லை.

காசு: பண்ணையில் அறுவடை வரை கடன்தான். நகரத்தில் அப்பாவுக்கு ரயில்பாதைக் கூலி, அக்காவுக்கு வீட்டுவேலை.

குளிர்: கதை கெட்டது இங்கேதான். அக்டோபர் நடுவிலேயே பனிப்புயல். மீன்பிடித்தும், மண்வெட்டியால் கொத்தி உருளைக்கிழங்கு போட்டும் பழகிய கைகள். இங்கோ புல்வேர் பாய்போலப் பின்னிய மண், கலப்பையே திணறும். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினார்கள். எனக்கென்னவோ அது அநியாயமாகப் படுகிறது.

அக்கம்பக்கம்: பண்ணையில் அடுத்த வீட்டு விளக்கு தூரத்துப் புள்ளி. நகரத்தில் சுவருக்கு அந்தப்பக்கமே ஐரிஷ் பேச்சு.

பலர் நகரத்துக்கே பெயர்ந்தார்கள். பேலன் ஓடையோரம் அவர்கள் குடியேறிய இடத்துக்கு 'கொனமாரா பேட்ச்' என்றே பெயர். உழவு தெரிந்து, ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கக் கையில் காசும் இருந்தால் கிரேஸ்வில். வெறுங்கையோடு வந்த குடும்பத்துக்கு ஓடைக்கரைதான்.