தார் எஸ் சலாமிலிருந்து வந்த காங்கா: ஆறு மாதம் உடுத்திய பிறகு

காக்கா, அதாவது என் அண்ணன், மூன்று வருடமாகத் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தபோது உம்மாவுக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி காங்கா கொண்டுவந்தார். கரியாக்கோ சந்தையில் எடுத்தது. கீழக்கரையில் இதை உடுத்துகிற ஆள் நான் அறிய எங்கள் வீட்டில்தான். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன்.

காங்கா என்பது கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைப் பெண்கள் உடுத்தும் பருத்தித் துணி. ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். நாலு பக்கமும் கரை, நடுவில் பெரிதாக ஏதாவது பூ, காய். ஜோடியாகத்தான் விற்பார்கள். இரண்டும் ஒட்டியபடியே வரும், நாம்தான் வெட்டி ஓரம் அடிக்க வேண்டும். ஒன்றை இடுப்பில் கட்டி, மற்றதைத் தலையோடு போர்த்திக்கொள்வார்கள். துணியின் கீழ்ப்பக்கக் கரைக்குச் சற்று மேலே சுவாஹிலியில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அதை ‘ஜீனா’ என்கிறார்கள், பெயர் என்று அர்த்தம். முன்பு இந்த வரிகள் அரபு எழுத்தில் அச்சாகிக்கொண்டிருந்தனவாம். அதைக் கேட்டதும் எங்கள் உம்மம்மா ஓதிய அரபுத்தமிழ் ஏடுகள்தான் நினைவுக்கு வந்தன.

முதலில் துணியைப் பற்றி. நம் ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல துணி நான் உடுத்தியதில்லை. வாங்கிய புதிதில் கஞ்சி விறைப்பு இருக்கும், நாலைந்து துவைப்பில் பழைய கைலி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். சவர்த் தண்ணீரில் ஆறு மாதமாகத் துவைக்கிறேன், நூல் எங்கும் விடவில்லை. ஆனால் முதல் துவைப்பைத் தனியாகப் போடுங்கள். என் சிவப்புக் காங்கா மச்சானுடைய (என் கணவருடைய) வெள்ளை ஜிப்பாவை ரோஸ் ஆக்கிவிட்டது. கைலி போல மூட்டியது இல்லை என்பதால் வேகமாக நடந்தால் முன்பக்கம் விலகும். என்னைப் போல உயரமானவர்கள் பாவாடைக்கு மேல்தான் கட்ட வேண்டும். ஓரத்தில் பொடி எழுத்தில் இந்தியாவில் அச்சானது என்று இருந்தது. நம் நாட்டில் அச்சாகிக் கடல் தாண்டிப் போன துணி மறுபடி நம் கடற்கரைக்கே வந்திருக்கிறது.

இனி அந்த வரிக்கு வருகிறேன். ஆறு மாதமாக என்னை யோசிக்கவைத்தது அதுதான்.

உம்மாவின் காங்காவில் ‘நானி காமா மாமா’. அந்த மொழியில் மாமா என்றால் அம்மா. ‘அம்மாவைப் போல யார்’ என்று அர்த்தம். உம்மா அதைக் காக்காவிடம் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். என்னுடையதில் ‘ம்கே நி ங்குவோ, ம்கோம்பா குபலிலியா’. மனைவி என்றால் துணி, வாழை என்றால் களையெடுப்பு. வாழைக்குக் களை எடுப்பது போல மனைவிக்குத் துணி எடுத்துக் கொடுத்துப் பேண வேண்டும் என்பது பொருள். காக்கா நிறத்தைப் பார்த்து எடுத்துவிட்டார், வரியைப் படிக்கவில்லை.

மச்சான் கேட்டுவிட்டு, “சரியாத்தானே சொல்லியிருக்கு, பெருநாளைக்குப் பெருநாள் எடுத்துத் தாரேன்ல” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். புருஷன்மாருக்குக் கடமையை நினைவூட்டுகிற பழமொழி அது, எனக்கும் புரிகிறது. ஆனாலும் மனது ஒப்பவில்லை. வாழை தனக்குத் தானே களை எடுப்பதில்லை. தோட்டம் வேறு யாருடையதோ, குலையும் அவருக்கே. உம்மா அடுப்படியிலிருந்தபடியே, “இந்த வீடு யாரு பேர்ல இருக்கு?” என்று மட்டும் கேட்டார். என் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கென்யாவின் லாமு தீவிலும் பழைய சுவாஹிலிக் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுப்பார்களாம், காக்கா சொன்னார். வீடு பெண்ணுடையதாக இருக்கிற இரண்டு கரைகளிலும் பழமொழியில் மட்டும் அவள் துணியாக நிற்கிறாள். நம்மிடமும் இருக்கிறதே: சேலை மேல முள்ளு பட்டாலும் முள்ளு மேல சேலை பட்டாலும் சேதம் சேலைக்குத்தான். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது பெரியவர்கள் சொன்ன பழமொழி இது. அன்று பதில் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

காங்காவின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு வந்ததும் இதனால்தான். அங்கே பெண்கள் கடையில் துணியை விரித்து, வரியைப் படித்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் மனத்தாங்கலா, புருஷனிடம் கோபமா, மருமகளிடம் பிரியமா, அதற்கேற்ற வரி. வாயைத் திறக்க வேண்டியதில்லை, உடுத்திக்கொண்டு எதிரே நடந்து போனால் போதும். ‘ஹசிதி ஹனா சபாபு’ என்று ஒன்று இருக்கிறது: பொறாமைக்காரருக்குக் காரணம் வேண்டாம். ‘ஜாப்போ சிபாட்டி, தமா சிகாட்டி’ இன்னொன்று: கிடைக்காவிட்டாலும் ஆசையை விடமாட்டேன். இங்கே பழமொழியை எடுத்து நம் மேல் வீசுவார்கள். அங்கே எந்தப் பழமொழியை உடுத்துவது என்று அவளே பார்த்து எடுக்கிறாள்.

துணிக்கு ஐந்துக்கு நாலரை. சாயத்துக்காக அரை குறைத்தேன். என் ஜோடியில் ஒன்று இப்போது தங்கச்சி மகளுக்குத் தொட்டிலாகக் கட்டியிருக்கிறது, பாரம் நன்றாகத் தாங்குகிறது. உங்கள் வீட்டு ஆட்கள் மொம்பாசாவிலோ சான்சிபாரிலோ இருந்தால் தைரியமாகச் சொல்லிவிடுங்கள், ஆனால் வரியைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். காக்காவிடம் நான் சொல்லிவிட்டேன்: “அடுத்த தடவை நிறம் எதுவானாலும் பரவாயில்ல காக்கா. கடையில நின்னே எனக்குப் போன் போட்டு, எழுத்தைப் படிச்சுக் காட்டுங்க. நான் சரின்னு சொன்ன பிறகு காசு கொடுங்க.”