வெளிநாட்டுச் சொந்தத்துக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்கிறீர்களா? "பத்திரம் போட்டால் போதும்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

ஈரோட்டில் "தத்தெடுப்பு ஆலோசகர்" என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர் எங்கள் குடும்பத்திடம் 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார். போலீஸில் புகார் இருப்பதால் பெயர் எழுதவில்லை. பணத்தைவிட அந்த ஆள் ஒரு சின்னப் பிள்ளையை என்ன பாடு படுத்தினார் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபி, பவானி, திருப்பூர்ப் பக்கம் இதே மாதிரி விசாரித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது, அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

என் பெரிய தம்பியும் அவன் மனைவியும் ஒரு விபத்தில் போய்விட்டார்கள். அவர்கள் மகள் கோபி பக்கத்தில் எங்கள் அம்மாவிடம், அதாவது அவளுடைய அப்பத்தாவிடம் வளர்கிறாள், இரண்டாம் வகுப்பு. சின்னத் தம்பி டெக்சாஸில் இருக்கிறான், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது, பிள்ளை இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சித்தப்பா சித்தியிடமே பிள்ளை இருக்கட்டும் என்று குழந்தையின் அம்மாயி, அப்புச்சி (அம்மாவைப் பெற்றவர்கள்) எல்லாரையும் உட்கார வைத்துப் பேசித்தான் முடிவெடுத்தோம்.

ஒரு சொந்தக்காரர் சொல்லித்தான் அந்த ஆள் வந்தார். நல்ல பேச்சு. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா, சொந்தத்துக்குள்ளதான, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு தத்துப் பத்திரம் போட்டாப் போதும், மூணு மாசத்துல புள்ள பிளேன் ஏறிருவாளுங்க" என்றார். முதலில் ஒன்றரை லட்சம், அப்புறம் "டெல்லி செலவு", அப்புறம் "கலெக்டர் ஆபீஸ்ல பார்த்துக்கணும்" என்று ஒவ்வொன்றாக வாங்கினார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயரில் ஜிபே நம்பர் கொடுப்பார், 90 ஆயிரம் ரொக்கமாகவும் போயிற்று. கேட்டபோதெல்லாம் ரசீது அடுத்த வாரம்தான்.

அவர் சொன்னது எங்கெங்கே பொய் என்று விவரமாகச் சொல்கிறேன். 1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி பத்திரம் போடுவது உள்ளூரில் நடக்கிற விஷயம்தான். ஆனால் அந்தச் சட்டத்திலேயே, அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு இல்லாத குழந்தையைப் பாதுகாவலர் தத்துக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த அனுமதி இல்லாமலேயே எங்கள் அம்மாவைக் கூட்டிப்போய்க் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிவிட்டார். பதிவாகிவிட்டதால் செல்லுபடி என்று அர்த்தம் இல்லை என்பதைக் கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேட்டபோதுதான் ஒரு மேடம் பொறுமையாகச் சொன்னார்.

அதோடு முடியவில்லை. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு 1993-இல் ஹேக் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், இந்தியா அதை 2003-இல் ஏற்றது, அமெரிக்காவில் 2008-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி டெல்லியில் இருக்கும் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காரா தடையில்லாச் சான்று கொடுக்காமல் குழந்தை தத்துப் பிள்ளையாக வெளிநாடு போக முடியாது. பத்திரம் போட்டவர்களுக்கும் காரா சான்று வாங்க 2021-இல் ஒரு வழி கொண்டுவந்திருக்கிறார்கள், புரோக்கர்கள் அதைக் காட்டித்தான் ஆள் பிடிக்கிறார்கள். ஆனால் அதிலும் மாவட்ட நிர்வாகம் சரிபார்க்க வேண்டும், போகிற நாடு சம்மதிக்க வேண்டும். வெறும் பத்திரத்தை வைத்துக்கொண்டு எதுவும் நகராது. இன்னும் மோசம் என்னவென்றால், அமெரிக்கக் குடிமக்கள் முதலில் அங்கே குடிவரவுத் துறையிடம் ஐ-800ஏ என்ற விண்ணப்பம், அப்புறம் குழந்தைக்காக ஐ-800 விண்ணப்பம் போட்டு, அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்த பிறகுதான் இங்கே தத்தெடுப்பை முடிக்க வேண்டும். முன்கூட்டியே முடித்தால் அங்கே சிக்கலாகும். அந்த ஆள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து வைத்தார். (எச்1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு இந்த ஐ-800 வழியே கிடையாது. அவர்கள் அங்கே உள்ள வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே கால் வைக்க வேண்டும்.)

இடையில் இன்னொன்றும் சொன்னார்: "விசிட்டர் விசால கூட்டிட்டுப் போயிருங்க, அங்க போய் மாத்திக்கலாம்." இதை யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு சுற்றுலா விசா வாங்குவது விசா அதிகாரியிடம் பொய் சொல்வது, அதன் விளைவை வருடக்கணக்கில் சுமக்கப்போவது அந்தப் பிள்ளைதான். என் தம்பி அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டான்.

அவர் மாட்டியது எப்படித் தெரியுமா? காரா சான்று வந்துவிட்டது என்று வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார், அசோகச் சின்னம், முத்திரை எல்லாம் இருந்தது. தம்பி மனைவி அதை அங்கே வீட்டு ஆய்வுக்காக (தத்தெடுப்பவர்களின் வீட்டு நிலையைப் பார்க்கும் ஆய்வு) பேசிவைத்திருந்த அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு அனுப்பினாள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: கலெக்டர் உத்தரவே போடாத ஒரு உறவினர் தத்தெடுப்புக்குக் காரா சான்று எப்படி வந்தது? 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு உத்தரவைப் போடுவது மாவட்ட ஆட்சியர், அதற்கு முன்னால் கோர்ட் போட்டுக்கொண்டிருந்தது. அந்த உத்தரவுக்குப் பிறகுதான் உறவினர் தத்தெடுப்புக்குக் காரா சான்று வரும். கடிதத்தில் இருந்த பதிவு எண்ணும் காராவின் இணையதளத்தில் இல்லை. போன் போட்டுக் கேட்டதும் அவர் "சர்வர் பிரச்சனைங்க" என்றார், அதற்கப்புறம் போன் எடுக்கவே இல்லை.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ஆறாதது இதுதான். ஜூனில் பறந்துவிடுவாள் என்று சொல்லி ஏப்ரலிலேயே பள்ளியில் டி.சி. வாங்க வைத்து, விசா ஃபைலுக்கு வேண்டும் என்று அதன் ஒரிஜினலையும், பிறப்புச் சான்றையும், அவள் அப்பா அம்மாவின் இறப்புச் சான்றுகளையும் அவரே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் "அடுத்த மாசம் பிளேன்தான் அம்மிணி" என்று நேராக அவளிடமே சொல்வார். ஏற்கெனவே ஒரே நாளில் அப்பாவையும் அம்மாவையும் இழந்த பிள்ளை அவள். தேதி சொன்னால் அந்தத் தேதியைத்தான் பிடித்துக்கொள்வாள். கூடப் படித்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள், ஸ்வெட்டரைத் தினமும் எடுத்துப் போட்டுப் பார்ப்பாள். ஜூன் போய் ஜூலை வந்ததும் சித்திக்குத் தன்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்க ஆரம்பித்தாள், வீடியோ காலில் பேசவே மாட்டேன் என்று அறைக்குள் போய்விட்டாள். தம்பி மனைவி அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதாள். பிறகு அவள் லீவு போட்டு வந்து சில வாரம் கோபியிலேயே தங்கி, பிள்ளைக்குத் தலை வாரி, கூடவே தூங்கி, பாரியூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிள்ளை திரும்ப ஒட்டியது. அந்த வாரங்கள் எந்தப் பேப்பரைவிடவும் முக்கியமானவை என்று நான் நினைக்கிறேன், முடிந்தவர்கள் தயவுசெய்து அப்படி வந்து இருங்கள். பள்ளியில் டி.சி. இல்லாமலேயே சேர்த்துக்கொண்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, யாராவது மறுத்தால் இதைச் சொல்லுங்கள்.

ஐந்து வயதுக்கு மேல் இருந்தால் குழந்தையின் சம்மதமும் வேண்டும் என்பது விதி. அந்த ஆள் ஒரு நாளும் அவளை எதுவும் கேட்கவில்லை. பாதுகாப்பு அலகிலிருந்து வந்த சமூகப் பணியாளர் எங்களையெல்லாம் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். அப்பத்தாவைப் பார்க்க லீவுக்கு வர முடியுமா என்றுதான் அவள் கேட்டாளாம்.

சரி, முறையான வழி என்ன? சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, தாத்தா பாட்டி இவர்கள் தத்தெடுத்தால் சட்டப்படி உறவினர் தத்தெடுப்பு, காத்திருப்போர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்பவர் அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி மூலம் வீட்டு ஆய்வை முடித்துக் காராவில் பதிய வேண்டும். இங்கே பாதுகாப்பு அலகு குழந்தையின் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை அனுப்பும். பெற்றோர் இல்லாவிட்டால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். பிறகு ஆட்சியர் உத்தரவு, காரா சான்று, பாஸ்போர்ட், விசா. கலெக்டர் ஆபீஸ் போய் நேராகக் கேட்கலாம், நடுவில் ஆளே தேவையில்லை. மெதுவாகத்தான் நடக்கும், எங்களுக்கும் இப்போது அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. விசா கையில் வரும்வரை பிள்ளையிடம் தேதி சொல்லாதீர்கள், டி.சி. வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே ஆள் எங்களிடம், தெரிந்தவர்களுக்கு "வெளிக் குழந்தை" வேண்டுமென்றாலும் ஆஸ்பத்திரியிலிருந்தே ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். ஆதரவற்ற குழந்தையையோ ஒப்படைக்கப்பட்ட குழந்தையையோ நடைமுறைக்கு வெளியே கொடுத்தாலும் வாங்கினாலும் இளைஞர் நீதிச் சட்டம் 80-ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் அபராதம், இரண்டுமேகூட. பணத்துக்கு வாங்கினால் 81-ஆம் பிரிவு, 5 வருடம் வரை கடுங்காவல். வாங்குபவருக்கும் இது பொருந்தும். அப்படிப் பேச்சு காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

நாங்கள் மாவட்டக் குற்றப்பிரிவில் கொடுத்த புகார் விசாரணையில் இருக்கிறது. ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ஜிபே விவரம், வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸாப் பேச்சு, அந்தப் பிடிஎஃப் எதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள். குழந்தையின் ஒரிஜினல் சான்றுகள் அவர் கையில் இருந்தால் பணத்தோடு சேர்க்காமல் தனியாகப் பட்டியல் போட்டு எழுதுங்கள். நாங்கள் அப்படித் தனியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த டி.சி. ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது.