மூன்று அறிவியல் பாடங்கள்: ஒரே செமஸ்டரிலா, பிரித்துப் பிரித்தா?

அமெரிக்கா போன்ற நாடுகளில் செவிலியமோ பிசியோதெரபியோ மருத்துவமோ, எந்தப் பயிற்சிக்குப் போவதானாலும் உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல், நுண்ணுயிரியல் இவற்றில் சிலவற்றையாவது முடித்திருக்க வேண்டும். இவற்றில் மூன்றை ஒரே செமஸ்டரில் எடுப்பதா, இரண்டிரண்டாகப் பிரிப்பதா, விடுமுறைக்கால விரைவு வகுப்பில் ஒன்றை முடிப்பதா? எதில் சீக்கிரம் முடியும் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். படித்தது பயிற்சிக்குப் போகும்வரை மனதில் நிற்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றையும் சேர்த்து எடுத்தால் ஒரு செமஸ்டர் மிச்சம். அது சின்ன லாபம் இல்லை. ஆனால் சுமை வகுப்பில் இல்லை, லேப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு லேப், போகும் முன் படிக்க வேண்டியது, வந்தபின் எழுத வேண்டிய அறிக்கை. உடற்கூறியலில் 206 எலும்புகளின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது; அவற்றில் உள்ள துளைகள், மேடுகள், எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்பதும் வேண்டும். இதற்கு நடுவே தேர்வுகள் ஒரே வாரத்தில் வந்து விழும். நேரமில்லாதவர் செய்வது ஒன்றுதான்: முந்தின இரவு திரும்பத் திரும்ப வாசிப்பது.

அந்த வாசிப்பு ஏமாற்றும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்திய ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். பயிற்சியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு மாதங்கள் கழித்து வரும் என்பதால் இது முக்கியம்.

இரண்டிரண்டாகப் பிரிப்பதே பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். ஆனால் எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடற்கூறியலும் நுண்ணுயிரியலும் பெயர்ப் பட்டியல்களால் நிறைந்தவை. சேர்ந்தால் ஒன்றை ஒன்று குழப்பும். உடற்கூறியலோடு வேதியியல் நன்றாகப் போகும்: ஒன்று மனப்பாடம், மற்றொன்று கணக்கு. அப்புறம், வேதியியல் முடிந்தபின் உடலியங்கியல் எடுங்கள். ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உள்ளே ஏன் சுமார் −70 மில்லிவோல்ட், ரத்தத்தின் அமில-கார அளவான பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் எப்படி நிற்கிறது என்பதெல்லாம், அயனியும் பைகார்பனேட்டும் புரிந்தவருக்குச் சுலபம். புரியாதவர் அங்கேயும் மனப்பாடத்தில்தான் இறங்குவார்.

பிரிப்பதில் ஒரு குறையும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் படித்த அறிவியல் பாடங்களைச் சில பயிற்சி நிறுவனங்கள் ஏற்பதில்லை. மிகவும் நீட்டும் முன், சேர விரும்பும் இடத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

விரைவு வகுப்பு எல்லாப் பாடத்துக்கும் ஒத்துவராது. நுண்ணுயிரியலுக்கு ஓரளவு பொருந்தும். நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் நிரப்பிய அகார் தட்டில் இன்று இட்ட பாக்டீரியா பெரும்பாலும் நாளைக்கே வளர்ந்திருக்கும் என்பதால் தினசரி லேப் அதற்கு வசதிதான். கரிம வேதியியலை அங்கே கொண்டுபோகாதீர்கள். வினைகளின் வழிமுறைகளைப் போட்டுப் போட்டுப் பார்க்க நாள் வேண்டும். ஆறு வாரத்தில் அது கிடைக்காது.

நுழைவுத் தேர்வுக்கென்று தனியாக ஒரு செமஸ்டரை ஒதுக்கவும் தேவையில்லை. இரண்டு பாடம் எடுக்கும் செமஸ்டரில் தினமும் அரை மணி நேரம், பழைய பாடத்தின் கேள்விகளுக்குப் புத்தகம் பாராமல் விடை எழுதினால் பாடமும் தேர்வும் சேர்ந்தே நகரும். மூன்று பாடச் செமஸ்டரில் முதலில் காணாமல் போவது அந்த அரை மணி நேரம்தான், அடுத்துத் தூக்கம். இந்தப் படிப்பில் தூக்கத்தை வெட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். படித்தது நினைவில் பதியத் தூக்கமும் வேண்டும்.

மூன்றையும் சேர்த்து எடுக்கலாம் என்று நான் சொல்வது ஒருவருக்கு மட்டும்: வேதியியல் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும், வேலைக்கோ வீட்டுப் பொறுப்புக்கோ நேரம் கொடுக்க வேண்டியவராக இருக்கக்கூடாது. ஏற்கெனவே மூன்றில் சேர்ந்துவிட்டவர்கள், பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் எது என்பதை இன்றே குறித்து வையுங்கள். அதற்குள் வரும் முதல் தேர்வுகளின் மதிப்பெண்களைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒன்றை விட்டுவிடுங்கள்.