செட்டிநாட்டு ஊர்களுக்கு மாணவர் திட்டம்: எந்த முறை ஒத்துவரும்?

எங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சி இருக்கிறார்கள். போன வருடம் ஒரு கல்லூரிக் குழு அவர்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஊரணியைப் பற்றிக் கேள்வி கேட்டது. பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்த ஆச்சி நடுவில் நிறுத்தி, "முன்னாடி வந்த பிள்ளைகளுக்குச் சொன்னதையேதான் தம்பி உங்களுக்கும் சொல்றேன். அவுக எழுதிக்கிட்டுப் போனது என்னாச்சு?" என்றார்கள். பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. அவர்களைக் கூட்டிப்போன எனக்கும் தெரியவில்லை.

நான் நகர்த் திட்டமிடல் படித்தவன். மாணவனாக இருந்தபோது வேறொரு ஊரில் இதேபோல நோட்டும் டேப்புமாக அலைந்திருக்கிறேன். இப்போது ஊரணிக் குழுவில் இருப்பதால், அனுமதி கேட்டுக் கல்லூரிகள் எழுதும் கடிதங்கள் என் கைக்கும் வருகின்றன. மாணவர்கள் வரவேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த ஏற்பாட்டில் வரவேண்டும் என்பதில்தான் இத்தனை நாள் யோசனை. இங்கேயும் வெளிநாட்டிலும் நடப்பில் இருக்கும் நான்கு முறைகளை எடுத்து, நம் ஊர்களின் நிலவரத்தோடு வைத்துப் பார்க்கிறேன்.

நம் பக்கம் அதிகம் நடப்பது ஒரு பருவ ஸ்டுடியோ, அதாவது ஒரு செமஸ்டரோடு முடிகிற களப்பணி வகுப்பு. வகுப்பு மொத்தமும் பஸ் பிடித்து வரும். முப்பது நாற்பது பேர், நான்கைந்து நாள். வீதியை அளப்பார்கள், வீட்டை வரைவார்கள், கடைக்காரர்களிடம் கேள்வித்தாள் நிரப்புவார்கள். கல்லூரிக்குத் திரும்பி வரைபட ஷீட் தயாரித்து ஜூரியில், அதாவது மதிப்பெண் போடும் குழுவின் முன்னால் வைப்பார்கள். மதிப்பெண் வந்ததும் வேலை முடிந்தது. எதை ஆராய்வது என்பதை வகுப்பறையிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருப்பார்கள்.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அளந்து வரைய இவ்வளவு கைகள் ஒரே நேரத்தில் வேறெப்படியும் கிடைக்காது. நம் வீடுகள் பல, ஒரு வீதியில் வாசலும் அடுத்த வீதியில் பின்வாசலுமாக நீள்பவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு வீட்டை முழுதாக வரைய ஒருவர் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் ஆகும். பாகம் பிரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, வரைபடமாவது மிஞ்சுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் இந்த முறை கை கொடுப்பதில்லை. காரணம் மாதக் கணக்கு. ஜூலையில் பருவம் தொடங்கும், ஆகஸ்டில் ஊருக்கு வருவார்கள், நவம்பரில் ஜூரி. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே அவர்கள் பார்ப்பது காய்ந்த வாய்க்காலை. அடுத்த பருவத்தில், ஜனவரியில் வருகிறவர்கள் ஊரணியில் தண்ணீர் கிடப்பதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, மூடிய வாய்க்கால் வழியாக வீதிக்கு வந்து, வீதியிலிருந்து ஊரணிக்குப் போய், அது நிறைந்ததும் அடுத்ததற்கு வழியும் என்பது நம் ஊர்களின் அமைப்பு. எந்தப் பாலத்தடியில் அடைக்கிறது, எந்தச் சிமெண்ட் ரோட்டை உயர்த்தியதால் தண்ணீர் திசைமாறி யார் வீட்டுப் படிக்கட்டில் ஏறுகிறது என்பதெல்லாம் கொட்டுகிற மழையில் குடைபிடித்து நின்றால்தான் தெரியும். எங்கள் ஊரணிக்காக மாணவர்கள் போட்ட மூன்று திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் நடைபாதை, பெஞ்ச், விளக்கு. ஒன்றில்கூட ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் கிடையாது.

இதற்கு நேர் எதிராக இருப்பது அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் முறை. அங்கே நகர்த் திட்டமிடல் முதுகலை மாணவர்கள் படிப்பின் கடைசியில், இரண்டு பருவம் தொடர்ந்து, சிறு குழுவாக வெளி அமைப்பு ஒன்றுக்காக வேலை செய்கிறார்கள். அந்த அமைப்பைத்தான் கிளையண்ட் என்கிறார்கள். கேள்வி கிளையண்டுடையது. உதாரணத்துக்கு, அந்நகரின் கல்லி பகுதியில் வாடகை ஏறி ஏழைக் குடும்பங்கள் வெளியேற நேருமோ என்ற கவலை அங்கே வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டணிக்கு இருந்தது. 2013-ல் ஒரு மாணவர் குழு அந்தக் கூட்டணிக்காக, இருக்கிற மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க என்னென்ன செய்யலாம் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது.

இதை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். ஐந்து பேர் ஜூலையில் தொடங்கி ஏப்ரல் வரை ஒரே வேலையில் இருந்தால், ஆடியில் காய்ந்த வாய்க்காலையும் கார்த்திகையில் ஓடும் தண்ணீரையும் பங்குனியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுவார்கள். இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழ்நாட்டில் கிராமசபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஆகஸ்ட் 15-ல் கேள்வியை வைத்து, அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் பார்த்ததைச் சொல்லி, ஜனவரி 26-ல் வரைவைக் காட்டி, மார்ச் 22-ல் தீர்மானமாகவே ஆக்கிவிடலாம். அந்த மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பது எனக்குக் கூடுதல் சந்தோஷம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரிப் பேரூராட்சிகளில் கிராமசபை கிடையாது. அங்கே மன்றத் தீர்மானமாகக் கொண்டுபோக வேண்டும்.

சரி, இங்கே கிளையண்ட் யார்? செட்டிநாட்டில் இது லேசான கேள்வி அல்ல. வெளியிலிருந்து வருகிறவர்களின் கண் முதலில் வீட்டில்தான் விழும். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்ததற்கும் அந்த வீடுகள் முக்கியக் காரணம். ஆனால் ஒரு வீட்டுக்குப் பத்து இருபது புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள், அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஒரு பங்காளி ஒத்துக்கொண்டதை இன்னொருவர் மாற்றிவிடலாம். மாணவர்கள் அந்த இழுபறியில் மாட்டினால் பருவமே முடிந்துவிடும். ஊரணி அப்படி இல்லை. அது ஊர்ச்சொத்து, ஊராட்சி கையெழுத்துப் போட முடியும். வீட்டைக் காவல் பார்க்கும் குடும்பமும், ஆச்சிக்குச் சமைத்துக் கொடுக்கும் அக்காவும், பால் ஊற்றுபவரும், வருடம் பூராவும் ஊரில் இருப்பவர்கள். கிராமசபையில் அவர்களுக்கு நாற்காலி உண்டு, வீட்டுப் பங்கில் கிடையாது. அதனால் நம் ஊர்களில் மாணவர் திட்டம் எடுக்க வேண்டிய பொருள் முதலில் ஊரணி, அப்புறம்தான் வீடு என்பது என் முடிவு.

கையில் கிடைக்கும் அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். மாணவர் மதிப்பீட்டை வைத்து யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். ஒன்றியப் பொறியாளர்தான் மதிப்பீடு எழுதவேண்டும். அவர் அப்படியே எடுத்துக்கொள்ளும்படி புல எண், வரத்துக்காலின் நீளம், மட்ட அளவு, புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்து இப்போது தரையில் காணாமல் போன இடம், இவையெல்லாம் இருந்தால் அந்த அறிக்கைக்கு உயிர் உண்டு. ஊரார் ஒரு பங்கு போட, அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டத்துக்கு அதையே தூக்கிக்கொண்டு போகலாம். வெளியூரில் இருக்கும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அந்தப் பங்கைத் தரத் தயங்கமாட்டார்கள், என்ன வேலை என்று தெளிவாகக் காட்டினால் போதும். கூடவே, நான்கடி அகலத்தில் தமிழில் ஒரு வரைபடம், ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட. நூறு பக்க ஆங்கில அறிக்கையைவிட அதைத்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள்.

அதே அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் முறை வேறு அளவு. 2009-10-ல் கிரெஷம் நகரில் தொடங்கினார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்க ஒரே நகரை எடுத்துக்கொண்டு, திட்டமிடல், கட்டடக் கலை, சட்டம் என்று பல துறைகளின் வகுப்புகள் அந்த நகரின் வேலைகளையே பாடமாகச் செய்யும். நகர நிர்வாகம் அதற்குப் பணம் கொடுக்கிறது. நம்மில் இதைத் தாங்கக்கூடியது காரைக்குடி ஒன்றுதான். 2024-ல் மாநகராட்சியாகி, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளின் கழிவுநீர், பஸ், குப்பை என்று ஒரு வருடத்துக்கு வேலை இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே இருப்பதால், திட்டமிடல் கல்லூரி ஒன்று வெளியிலிருந்து வந்து கைகோத்தால் போதும். எனக்கு இருக்கும் தயக்கம் ஒன்று: இதில் கிளையண்ட் நிர்வாகம். மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தோடு நின்றுவிடுவார்கள். 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வைத்துக் காட்டினார். அதில் கருத்துக் கேட்பது நான்காவது படி. சந்தைக்குப் பின்னால் கடை போடும் அம்மாவுக்கு அதற்கு மேல் ஏற வழி இருக்க வேண்டும்.

கடைசி முறை, ஊரோடு தங்குவது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஹேல் மாவட்டத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோ 1993-ல் தொடங்கி இன்னும் அங்கேயே இருக்கிறது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். நியூபெர்ன் என்ற சிற்றூருக்குத் தீயணைப்பு நிலையம், ஊர் மன்றம், நூலகம் எல்லாம் அவர்கள் கட்டிக் கொடுத்தவை. இல்லினாய் பல்கலைக்கழகம் 1987-ல் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரோடு தொடங்கிய வேலையும் இந்த வகைதான். 1990-ல் அதற்குப் பொறுப்பேற்ற ஆசிரியர் கென் ரியர்டன் முதலில் குடியிருப்பவர்களிடம் போய்க் கேட்டார். ஆராய்ச்சி செய்துவிட்டுப் போய்விடுகிறவர்கள்மேல் அவர்களுக்குக் கோபம் இருந்தது. நம் ஆச்சி கேட்டதேதான். அப்புறம் குப்பை கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்வது மாதிரி, குடியிருப்பவர்கள் கேட்ட சின்ன வேலைகளிலிருந்து தொடங்கினார்கள்.

பூவேலைத் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கண்ணாடிமேல் சாயம் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல்லுக்கு எவ்வளவு தண்ணீர், வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு கூலி, கொட்டும் கழிவு எங்கே போகிறது என்பதெல்லாம் நான்கு நாளில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பழகவேண்டும். தங்க இடத்துக்குப் பஞ்சமில்லை, பூட்டிய வீடுகள் ஏராளம். பல வருடத்துக்குப் பொறுப்பேற்று ஆசிரியர் ஒருவரை இங்கேயே வைக்கும் கல்லூரி வரவேண்டும். அது வரும்வரை எங்கள் ஊரணியில் மண் மேவிக்கொண்டே இருக்க முடியாது.

அதனால் எங்கள் குழு போர்ட்லண்ட் முறையையே கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஐந்து பேர், இரண்டு பருவம், கேள்வி எங்களுடையது: வடக்கு வரத்துக்கால் ஏன் வற்றிப்போனது? ஒரு பருவ ஸ்டுடியோக்களையும் மறுக்கப் போவதில்லை. வீடுகளை வரையட்டும், வரைந்ததில் ஒரு படி ஊரில் இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

முன்பு வந்துபோன கல்லூரிகளுக்கும் எழுதி, பழைய ஷீட்களைக் கேட்டோம். ஒன்று வந்தது. அச்செடுத்து ஆச்சியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். ஊரணியின் வடக்கு மூலையில் விரலை வைத்து, "இங்கன ஒரு மடை இருந்துச்சு தம்பி. அதை விட்டுட்டாக" என்றார்கள். பேனாவை எடுத்து அந்த இடத்தில் குறித்துக்கொண்டேன்.