கம்பி தெரிகிற எலும்புக்கூடு: ‘தி லாஸ்ட் ஸ்கெலிட்டன் ஆஃப் கடாவ்ரா’ டிவிடி மதிப்புரை

ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி, பெங்களூரில் பழைய டிவிடிகள் விற்கும் ஒரு கடையிலிருந்து ‘தி லாஸ்ட் ஸ்கெலிட்டன் ஆஃப் கடாவ்ரா’ என்னும் அமெரிக்கப் படத்தை எனக்காக வாங்கி வந்தான். சென்ற பொங்கல் விடுமுறையில், தர்மபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு ஒரு முறையும், அதன் பிறகு தனியாக மூன்று முறையும் அதைப் பார்த்துவிட்டேன். லாரி பிளமைர் எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 2001ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டு, 2004இல் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. பார்ப்பதற்கு 1950களில் யாரோ அவசர அவசரமாக, கையிலிருந்த சொற்பப் பணத்தில் எடுத்து முடித்த விஞ்ஞானப் படம் போலவே இருக்கும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு காட்சியும் திட்டமிட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய மலிவு விஞ்ஞானப் படங்களை அன்போடு பகடி செய்யும் படங்களில் நான் பார்த்தவற்றுள் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

எந்தப் படங்களைப் பகடி செய்கிறது என்பது தெரிந்தால்தான் இதன் அருமை விளங்கும். அமெரிக்காவில் பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் திரையரங்குகளைக் கைவிட வேண்டும் என்ற நிலை 1948ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஏற்பட்டது. அதன் பிறகு அவை மலிவுப் படங்கள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கமும், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளும் தொடர்ந்ததால், படங்களுக்கான தேவை மட்டும் குறையவில்லை. அந்த இடைவெளியில் சிறு தயாரிப்பாளர்கள் புகுந்தார்கள். 1953இல் வந்த ‘ரோபோ மான்ஸ்டர்’ படத்தை நான்கே நாட்களில், சுமார் 16,000 டாலரில் எடுத்து முடித்தார்கள். இயந்திர மனிதனுக்கு உடை தைக்கப் பணம் இல்லாததால், கொரில்லா உடை சொந்தமாக வைத்திருந்த ஒரு நடிகரை அழைத்து, அவர் தலையில் முக்குளிப்பவர் அணிவது போன்ற கவசத்தை மாட்டி, இவன்தான் வேற்றுக்கிரகத்து இயந்திரன் என்றார்கள். ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தில் இடம்பெற்ற பேலா லுகோசி 1956இல் இறந்துவிட, அவரோடு உருவ ஒற்றுமை அதிகமில்லாத வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு மீதிக் காட்சிகளில் நடந்தார். இவற்றைச் செய்தவர்கள் யாரும் ரசிகனை ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். இருந்ததை வைத்துக்கொண்டு வானத்தையும் நட்சத்திரங்களையும் காட்ட ஆசைப்பட்டவர்கள்.

இந்த ஆசை நம் பக்கத்துக்கும் புதிதன்று. தர்மபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த காலத்தில், 1952இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற படத்தை எடுத்தது. தமிழில் அது ‘காடு’. அழிந்துபோன மாமத யானைகள் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கதை. நம் யானைகளுக்கே சடை சடையாக முடியைப் போர்த்தி மாமதமாக்கினார்கள். என் பெரியப்பா, பென்னாகரம் சுற்றுவட்டாரத்தில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர், சிறுவயதில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். “போர்த்தினதுன்னு தெரிஞ்சுதாம்மா இருந்துச்சு. தெரிஞ்சும் பயந்தோம்” என்று அவர் சொன்னதை இந்த டிவிடியைப் பார்த்த இரவில்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

படத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விண்கல்லில் இருக்கும் ‘அட்மாஸ்ஃபியரியம்’ என்ற அரிய தனிமத்தைத் தேடி ஒரு விஞ்ஞானி மனைவியோடு மலைக்கு வருகிறார். குகைக்குள் கிடக்கும் எலும்புக்கூட்டுக்கு அதே தனிமத்தால் உயிரூட்டி உலகை ஆள நினைக்கிறார் இன்னொரு விஞ்ஞானி. பழுதாகி இறங்கிய விண்கலத்தை ஓட்டிச் செல்ல, வேற்றுக்கிரகத்துக் கணவன் மனைவிக்கும் அதே தனிமம்தான் வேண்டும். அவர்கள் வளர்த்த கொடிய விலங்கு வேறு தப்பித்துக் காட்டில் அலைகிறது. மூன்று தரப்பும் மரத்தால் கட்டிய ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் வந்து அமர்கிறார்கள்.

அந்தச் சாப்பாட்டுக் காட்சிதான் படத்தின் உச்சம் என்பேன். வேற்றுக்கிரகத்துத் தம்பதிக்கு மனிதர்கள் எப்படி உண்பார்கள் என்று தெரியாது. தீய விஞ்ஞானி நான்கு காட்டு விலங்குகளைச் சேர்த்து ஒரு பெண்ணாக மாற்றித் தன் துணைவியைப் போல அழைத்து வந்திருக்கிறார். அவள் தட்டிலேயே முகத்தைப் புதைத்து உண்கிறாள். இவற்றையெல்லாம் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் நல்ல விஞ்ஞானியும் மனைவியும் இதில் எந்த விபரீதத்தையும் காணாமல், விருந்தினர் மனம் கோணக் கூடாது என்ற ஒரே கவலையோடு உரையாடலைத் தொடர்கிறார்கள். நடிகர்களில் ஒருவர்கூடச் சிரிப்பை அடக்குவதாகத் தெரியவில்லை. ‘நாங்கள் கேலி செய்கிறோம், கவனியுங்கள்’ என்று கண் சிமிட்டுவதும் இல்லை. ஜெனிஃபர் பிளேர் அந்த விலங்குப் பெண்ணாக நடித்திருப்பதில் ஒரு பூனையின் பொறுமையும் எச்சரிக்கையும் இருக்கின்றன. வேறொருவர் கையில் வெறும் கோமாளித்தனமாகப் போயிருக்கக்கூடிய வேடம் அது.

வசனத்தைத் தனியே பேச வேண்டும். பழைய மலிவுப் படங்களில் சண்டைக்கும் தந்திரக் காட்சிக்கும் பணம் இல்லாததால், பாத்திரங்கள் நின்று பேசியே நேரத்தை ஓட்டுவார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல் மாற்றித் திருப்பிச் சொல்வார். விஞ்ஞானி என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘விஞ்ஞானம்’ என்ற சொல்லை உச்சரித்தாக வேண்டும். பிளமைர் இந்தப் பழக்கத்தைக் காதால் கேட்டு, அதன் தாளத்தைப் பிடித்து, ஒரு மயிரிழை மட்டும் கூட்டி எழுதியிருக்கிறார். அந்த மயிரிழையில்தான் சிரிப்பு பிறக்கிறது. கணவன் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பெருமையோடு பேச, பெட்டி என்ற பெயர் கொண்ட மனைவி அதை வியந்து வியந்து கேட்கும் காட்சிகளில், அக்காலப் படங்கள் பெண்ணுக்குக் கொடுத்த இடம் என்ன என்பது ஒரு கண்டனச் சொல்கூட இல்லாமல் வெளிப்பட்டுவிடுகிறது. பெட்டியாக வரும் ஃபே மாஸ்டர்சன் ஒவ்வொரு வரியையும் முழு நம்பிக்கையோடு பேசுவதால்தான் அது கூடிவருகிறது.

நான் பாலக்கோடு பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஆய்வகத்தின் மூலையில் தாங்கியில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை மாணவர்களுக்குக் காட்டிக் காட்டி எனக்குப் பழகிவிட்டது. படத்தின் வில்லனும் அச்சு அசலாக அதே வகைதான். அதை இழுத்து ஆட்டும் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. தாடை அசையாமலே அது அதிகாரத்தோடு கட்டளையிடுகிறது, குரலும் பிளமைருடையதே. கணினியால் அந்தக் கம்பியை அழிக்க 2001இல் வசதி இல்லாமல் இல்லை. அழிக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். கம்பி தெரிந்தும் அந்த எலும்புக்கூட்டின் திமிரையும் அவசரத்தையும் நாம் ஒரு பாத்திரத்தின் குணமாகவே ஏற்றுக்கொள்கிறோம் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இந்த இடத்தில் பெரியப்பா சொன்னதை மீண்டும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர்தான் இருக்கும். ரீல் மாற்ற மாற்ற இடைவேளை விடுவார்கள். ஒரு படம் ஒரு வாரம் ஓடினால் ஆபரேட்டர் அதைப் பதினான்கு முறை பார்த்தாக வேண்டும். ஆறாவது முறைக்கு மேல் கதை மறைந்து, சுவரில் விழும் மைக்கின் நிழலும், பறக்கும் நாயகனின் முதுகுக் கம்பியும், வாள் பட்டதும் ஆடும் அட்டைக் கோட்டையுமே தெரியத் தொடங்கும் என்றார். அந்தப் பிழைகள் வரும் நொடி அவருக்கு மனப்பாடம். அவை வருவதற்காகக் காத்திருப்பாராம். பிழையை அந்த அளவுக்கு அறிந்தவர் அந்தப் படத்தைப் பலமுறை விரும்பி உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க முடியும். பிளமைரும் அத்தகையவர் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. படப்பிடிப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் லாஸ் ஏஞ்சலிஸின் பிரான்சன் பள்ளத்தாக்கு; ‘ரோபோ மான்ஸ்டர்’ எடுக்கப்பட்டதும் அங்கேதான். ஒரு காலத்தில் கல் உடைத்த இடம் அது. கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறை முகப்பும் குகை வாயும் உடனே பழகியவை போலத் தோன்றும். செட் போடப் பணமில்லாத படக்குழுவுக்கு இயற்கையும் கல்லுடைத்தவர்களும் சேர்ந்து கட்டிக்கொடுத்த வேற்றுக்கிரகம்.

குறைகளும் உண்டு. டிஜிட்டல் வீடியோவில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றியிருப்பதால், பிலிமில் எடுத்த பழைய படங்களுக்குரிய ஆழ்ந்த கருமையும் வெள்ளியின் மினுக்கமும் இதில் இல்லை. பகல் வெளிச்சக் காட்சிகளில் சாம்பல் நிறம் வெளிறிக் கிடக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் அவ்வளவு கவனம் காட்டிய படத்தில் இந்த ஓர் இடம் உறுத்துகிறது. கடைசி அரை மணி நேரத்தில் பாத்திரங்கள் காட்டுக்கும் குகைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பழைய படங்களிலும் அப்படித்தான் நடப்பார்கள் என்றாலும், சலிப்பைப் பகடி செய்யப் போய்ச் சலிப்பையே தந்துவிடும் அபாயத்தை அந்தப் பகுதி முழுமையாகத் தாண்டவில்லை. எழுபது நிமிடங்களில் முடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இதே வகையில் வேறு படங்களும் இருக்கின்றன. டிம் பர்ட்டனின் ‘மார்ஸ் அட்டாக்ஸ்!’ 1996இல், சுமார் 7 கோடி டாலர் செலவில், 1962ஆம் ஆண்டு மிட்டாய்க் கம்பெனி அட்டைப் படங்களை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்பட்டது. அதன் செவ்வாய்க்கிரகத்தார் அழகாகச் செதுக்கப்பட்டவர்கள். ஆனால் அவ்வளவு பணத்தால் வறுமையைப் போலி செய்ய முடியவில்லை. 2009இல் வந்த ‘ஏலியன் ட்ரெஸ்பாஸ்’ 1957இல் நடப்பதாக அமைந்த வண்ணப் படம். நடிகர்கள் நேர்மையாகவே நடிக்கிறார்கள். ஒளிப்பதிவும் சுத்தமாக இருக்கிறது, அந்தச் சுத்தமே அதற்கு எதிராகவும் நிற்கிறது. பழைய படத்தின் மரியாதையான நகல் என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால், 2010இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ இருக்கிறது. நடிகர் ஜெய்சங்கரும் இயக்குநர் கர்ணனும் தந்த குதிரைப் படங்களைச் சிறுவயதில் கைதட்டிப் பார்த்த ஒருவரின் வேலை அது என்பதை எந்தத் தமிழ் ரசிகரும் முதல் ரீலிலேயே கண்டுகொள்வார். தமிழில் விஞ்ஞானப் படத்துக்கும் அப்படி ஒருவர் வர வேண்டும். 1963ஆம் ஆண்டின் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியைக் கடத்திச் செல்கிறார்கள், எம்.ஜி.ஆர். அவரை மீட்கப் போகிறார். அன்போடு பகடி செய்ய இதைவிட நல்ல முதல் எங்கே கிடைக்கும்?

டிவிடியை வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். படம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் பாத்திரங்கள் நிறுத்தி, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவதால் நடுத்தர ஆங்கிலம் தெரிந்தவர்களும் பின்தொடரலாம். குழந்தைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். என் தம்பி மகனுக்கு எலும்புக்கூடு மிகவும் பிடித்துவிட்டது. முடிந்தால் முதல் நாள் ‘ரோபோ மான்ஸ்டர்’ பார்த்துவிட்டு, மறுநாள் இதைப் பாருங்கள்; அப்போது ஒவ்வொரு குறும்பும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இதே நடிகர்கள் பலரோடு பிளமைர் 2009இல் இதன் தொடர்ச்சியையும் எடுத்திருக்கிறார். முதல் படம் பிடித்தவர்கள் அதையும் தேடலாம்.

எங்கள் வீட்டில் படம் முடிந்ததும் பெரியப்பா, எலும்புக்கூடு முதன்முதலாக எழுந்து உட்காரும் இடத்தை மறுபடியும் போடச் சொன்னார். கம்பி தெரியும் நொடி நெருங்கியதும் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, திரையை நோக்கி விரல் நீட்டி, “இப்ப பாரு” என்றார். ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. அன்றிரவு அந்தக் காட்சியை இன்னும் மூன்று முறை பார்த்தோம்.